நாலாம் நம்பர் கிணறு

பெட்ரோல் பங்குக்குள்ளிருந்து பெட்ரோல் தீர்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேற்கு மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில், மத்தியான வெயிலில், ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு ஐஸ் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தள்ளுகிறேன். பின்னாலிருந்து பங்க் ஆட்கள், இங்கேயே போட்டுக்கலாமே மேடம் என்று கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜருக்கும் எனக்கும் ஏதோ தகராறு என்று அன்றைக்கு முழுக்கப் பேசிக்கொண்டார்களாம்.

தகராறெல்லாம் ஒன்றும் இல்லை. என் வேலை அப்படி. பங்கில் பெட்ரோலும் டீசலும் தரைக்கு அடியில் பெரிய தொட்டிகளில் இருக்கும். தொட்டியோ குழாயோ எங்காவது கசிந்தால் மேலே இருப்பவருக்குத் தெரியாது. கசிந்தது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்து, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பங்குக்குள்ளேயே ஒல்லியாக நாலைந்து கிணறுகள் போட்டு வைத்திருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போய் அவற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, அடையாறில் இருக்கும் எங்கள் லேபுக்குக் கொண்டு போவேன். அன்றைக்கு நான் பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது. கையில் ஒரு துளி பட்டு, அது பாட்டிலுக்குள் போய்விட்டால் கதை கந்தல். சென்ட் கூடாது, கைக்கு க்ரீம் கூடாது, பாட்டில் மேல் எழுதும் பேனாகூட வாசனை அடிக்கக் கூடாது. முந்தின நாளே டேங்க்கை நிரப்பிவிட வேண்டும். அன்று மறந்துவிட்டேன். கடைசியில் வண்டியை ஒரு ஜூஸ் கடை வாசலில் விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

சொந்தக்காரர்களுக்கு இந்த வேலையைப் புரியவைக்க இதுவரை என்னால் முடியவில்லை. வடபழனியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்ன வேலை என்று கேட்டார். பெட்ரோல் பங்கில் தண்ணீர் எடுக்கிறேன் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறார்களா, எந்த பங்க் என்று சொல்லுங்கள், போகாமல் இருக்கிறேன் என்றார். இல்லை சார், தண்ணீரில் பெட்ரோல் கலக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அதற்கு மேல் அவர் பாயசத்தில் இறங்கிவிட்டார்.

நான் சொல்லப்போகும் பங்கில் மொத்தம் நாலு கிணறு. கிணறு என்றதும் ராட்டினமும் கயிறும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கை நுழைகிற அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நேராகக் கீழே போகும், தரை மட்டத்தில் இரும்பு மூடி. ஒன்று ரோட்டுப் பக்கம், இரண்டு தொட்டிகளுக்கு அருகில். நாலாவது பின்பக்கச் சுவரை ஒட்டி, பைக்குகளுக்கு மட்டும் போடுகிற பம்புக்குப் பின்னால். அந்தப் பகுதியில் மண்ணுக்குள் தண்ணீர் நகர்வது பின்பக்கமாகத்தான். அதனால் சுவருக்கு அந்தப்பக்கம் எது போனாலும் நாலாம் நம்பரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேலை செய்யும் முறையும் சுலபம்தான், பொறுமை இருந்தால். குழாயில் தேங்கி நிற்பது பழைய தண்ணீர், அதை நம்பக் கூடாது. முதலில் அதை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். மண்ணிலிருந்து புதுத் தண்ணீர் ஊறி வரும் வரை காத்திருந்து, அதைத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் சாமான் ஒரு முழ நீளக் குழாய். அடியில் கோலி மாதிரி ஒரு உருண்டை, உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாது. நூலில் கட்டி இறக்கி, மேலே தூக்கி, குட்டிக் கண்ணாடி பாட்டிலில் ஒரு குமிழ்கூட இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். எனக்கு எல்லாம் இருக்கிறது, பொறுமை மட்டும் கிடையாது. இது என் அம்மா சொல்வது, லேபில் எல்லோரும் சொல்வது, நானும் ஒப்புக்கொள்வது.

அந்த பங்கில் பெருக்கித் துடைக்கிற அக்காவுக்கு என்னைப் பார்த்தால் ஒரு பரிதாபம். ஐம்பது வயதிருக்கும். ஆற்றோரம் சைதாப்பேட்டையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது அவர் குடும்பமும் போய்விட்டது. ஆனால் வேலை மட்டும் இங்கேயே. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கெல்லாம் விளக்குமாறோடு நிற்பார். படிச்ச பொண்ணு இப்படிக் குழாய்க்கு முன்னால் குந்திக்கொண்டு கிடக்கிறதே என்று அவருக்கு என்னைப் பற்றி வருத்தம். நாற்காலி கொண்டுவந்து போடுவார், வெயில் திரும்பினால் நாற்காலியையும் திருப்புவார்.

நான் அங்கே முதல்முறை போனது நல்ல கோடையில். மூன்று கிணறு சீக்கிரம் முடிந்தது. நாலாம் நம்பரை இறைத்தேன், வற்றிவிட்டது. காத்திருந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். உள்ளே அளவு டேப்பை விட்டால், தண்ணீர் தொட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அது வாயே திறக்கவில்லை. எனக்குப் பசி. பசி வந்தால் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். யாரும் கேட்காமலே அக்காவிடம் புலம்பித் தீர்த்தேன். வெறுங்கையோடு போனால் மேலதிகாரி வறுத்தெடுப்பார், இந்தத் தண்ணீர் வந்தால்தான் நான் வீட்டுக்குப் போக முடியும், இப்படி ஒரு பிழைப்பு எதிரிக்கும் வேண்டாம் என்று. கடைசியில் நாலாம் நம்பரில் தண்ணீர் இல்லை, மாதிரி எடுக்க முடியவில்லை என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். சொன்ன மாதிரியே திட்டும் விழுந்தது.

அடுத்த முறை போனபோது நாலாம் நம்பர் திருந்திவிட்டது. இறைத்து முடித்ததும் அக்கா வந்து, எவ்ளோ நேரம் குந்தினிருப்பே, போய் டீ குடிச்சிட்டு வா, நான் பாத்துக்கிறேன் என்றார். மூடியைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. பூட்டு துருப்பிடித்து என்றைக்கோ உடைந்துவிட்டது. அக்கா இருக்கும்போது பூட்டு எதற்கு என்று போய்விட்டேன். எதிர்ச்சாரியில் டீ, ஒரு பஜ்ஜி, கொஞ்சம் செல்போன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து டேப்பை விட்டால் கீச்சென்று கத்தியது. எனக்கு ஒரே குஷி. போன மாதம் பெய்த மழை வேலை செய்கிறது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். உங்க கிணறு தங்கம்க்கா என்றேன். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

சுவருக்கு அந்தப்பக்கம் மாவு பாய் வீடு. அந்தத் தெருவில் அவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பம். அப்பா தையல்காரர், இவர் தையல் மிஷினை விற்று மூன்று கிரைண்டர் வாங்கி, வாசல் அறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். பின்கட்டில் பழைய உறைக்கிணறு. அரிசி ஊறுவது, அரைப்பது, வீட்டில் சமையல், குடிக்க, எல்லாம் அந்தத் தண்ணீர்தான். அவர் மாவு புளிக்காது, பொங்கும் என்று நாலு தெரு தள்ளியிருந்தெல்லாம் தூக்கோடு வருவார்கள்.

அந்த பாய்தான் ஒருநாள் பங்குக்குள் வந்து, கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை வருகிறது என்று மேனேஜரிடம் சொன்னார். முதலில் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தாராம். பிறகு ஒரு மாமி பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, "என்ன பாய், மாவுல ஏதோ வாடை அடிக்கறதே, எங்காத்துல ஒருத்தரும் தொட மாட்டேங்கறா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பாய் கேன் தண்ணீர் வாங்கித்தான் அரைத்துக்கொண்டிருந்தார். மேனேஜருக்கு அவரைப் பார்த்தால் சந்தேகம். பங்குக்குப் பக்கத்து வீடு என்றால் வாடை வராமல் மல்லிகைப்பூ மணமா வரும், இதில் ஏதோ கறக்கப் பார்க்கிறார் என்று என்னிடமே சொன்னார்.

பாய் என்னைத் தேடி வந்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். நானும் நன்றாக இழுத்து முகர்ந்து பார்த்தேன். காலையிலிருந்து பங்கிலேயே கிடக்கிற மூக்கு, அதற்கு என்ன தெரியும். பங்க் பங்காகச் சுற்றி அது செத்துப் பல வருடம் ஆகிறது. எனக்கு ஒன்றும் தெரியலையே பாய் என்றேன். அவர் டம்ளரைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார், மறுபடி என்னிடம் நீட்டினார். தன் மூக்கையே நம்ப முடியாமல் நிற்கிற ஒரு மனுஷனை அப்போதுதான் பார்த்தேன்.

அவர் கிணற்றில் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்கச் சொன்னார். என் ஒப்பந்தம் சுவருக்கு இந்தப்பக்கத்தோடு சரி. எழுதிக் கேட்டேன். எங்கள் ஆபீசிலிருந்து வந்த பதில் நியாயமாகத்தான் இருந்தது. அங்கே போவது எதுவும் நாலாம் நம்பரைத் தாண்டித்தானே போக வேண்டும். நாலாம் நம்பர் சுத்தம் என்றால் பாய் கிணறும் சுத்தம். அதில் ஏதாவது இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம்.

ரிப்போர்ட் வந்தது. நாலாம் நம்பர் படு சுத்தம். பெட்ரோலில் இருக்கிற எந்தச் சனியனும் இல்லை. ரிப்போர்ட்டை பங்குக்குத்தான் கொடுக்க வேண்டும், வெளியில் யாரிடமும் பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே. நேராக பாய் கடைக்குப் போனேன். பாய் ஒரு கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, தெருவே பாபி என்று கூப்பிடும் அந்த அம்மாள், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்வாசலில் நின்றார்.

"நல்ல தண்ணி பாய். தைரியமா குடிங்க," என்றேன்.

பாய் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அரை கிலோ மாவு இனாமாகக் கொடுத்தார். நான் ஏதோ மருந்து கண்டுபிடித்தவள் போல நடந்து வந்தேன்.

அடுத்த முறை போனபோது கடை வாசலில் ஒரு போர்டு தொங்கியது. பச்சைப் பெயிண்டில், 'லேபில் சோதித்த கிணற்றுத் தண்ணீரில் அரைத்த மாவு'. பாய் கேன் தண்ணீரை நிறுத்திவிட்டார். அவ்வப்போது வாடை வருகிற மாதிரி இருக்கும், லேபே சொல்லிவிட்டது, இது என் மூக்குக் கோளாறு என்று விட்டுவிடுவேன் என்றார். மூக்குக்கு டாக்டரிடம்கூடப் போய் வந்தாராம், டாக்டர் ஏதோ சொட்டு மருந்து கொடுத்தாராம். போர்டைப் பார்த்துக் கேலி செய்தேன், எனக்கு ராயல்டி வேண்டும் என்றேன். உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன். போகிறவர் வருகிறவரெல்லாம் படிக்கிற மாதிரி என் வேலை ஒரு போர்டில் ஏறியது அதுதான் முதல் தடவை.

இப்படியே இன்னும் இரண்டு முறை. நான் இறைப்பேன், அக்கா டீக்கு அனுப்புவார், வந்து பார்த்தால் தண்ணீர் தயார். ரிப்போர்ட் சுத்தம். மற்ற பங்குகளில் சாயங்காலம் வரை வெயிலில் காய்கிற எனக்கு, அந்த பங்க் என்றால் பிக்னிக்.

அதில் கடைசி முறை எடுத்த மாதிரியைக் கொடுத்துவிட்டு வந்த நாலாம் நாள் லேபிலிருந்து போன். அங்கே மெஷினில் மாதிரியைப் போட்டுப் பார்க்கிற பெண் புதிதாகச் சேர்ந்தவள். சின்ன வயது, பெரிய கண்ணாடி, எதையும் இரண்டு தடவை பார்க்கிற ரகம். எனக்கும் அவளுக்கும் ஆகாது, பாட்டிலில் குமிழ் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவாள். அவள் எடுத்த எடுப்பில், "அந்த நாலாம் நம்பர் தண்ணிய எங்கேருந்து எடுத்தீங்க?" என்றாள்.

கிணற்றிலிருந்துதான், வேறு எங்கிருந்து என்றேன். அதில் குளோரோஃபார்ம் இருக்கிறது என்றாள். சினிமாவில் கைக்குட்டையில் ஊற்றிக் கதாநாயகி மூக்கில் வைத்து அழுத்துவார்களே, அதே. குழாய்த் தண்ணீரில் குளோரின் போடும்போது அது துளியூண்டு உண்டாகும், யாரையும் மயக்காத அளவுக்கு. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து ஊறி வருகிற தண்ணீரில் அது இருக்கக் காரணமே இல்லை. முன்பு இருந்தவர் பெட்ரோல் சாமான்களை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். இவள் பழைய மாதிரிகளுக்கு மெஷின் வரைந்து வைத்திருந்த கோடுகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். நாலாம் நம்பரில் ஒவ்வொரு முறையும் அது இருந்திருக்கிறது, மற்ற மூன்றில் ஒருமுறைகூட இல்லை. அவள் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் அர்த்தம் ஒன்றுதான். நான் காத்திருக்கச் சோம்பல்பட்டு, டாய்லெட் குழாயைத் திறந்து பாட்டிலை நிரப்பி அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. நான் சோம்பேறிதான், வாயாடிதான், ஆனால் திருடி இல்லை. அவளிடம் என்னென்னவோ கத்திவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் பாய் ஞாபகம் வந்தது. அது குழாய்த் தண்ணீர் என்றால், நாலாம் நம்பரில் உண்மையில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாருமே பார்க்கவில்லை. நான் தைரியமாகக் குடியுங்கள் என்று சொன்னது எதை வைத்து?

மறுநாள் காலை, யாருக்கும் சொல்லாமல் போனேன். இறைத்து முடித்தேன். அக்கா வழக்கம்போல வந்து டீக்குப் போகச் சொன்னார். சரிக்கா என்று ரோட்டைக் கடந்தேன். டீக்கடைக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். துப்பறிகிற வயதா எனக்கு என்று சிரிப்பும் வந்தது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா டாய்லெட் பக்கத்துக் குழாயிலிருந்து நீலக் குடத்தில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கம்பக்கம் பார்க்கவெல்லாம் இல்லை, திருட்டுத்தனமே இல்லை. செடிக்கு ஊற்றுகிற மாதிரி நிதானமாக, சிந்தாமல், நாலாம் நம்பருக்குள் ஊற்றினார். திரும்பிப் போய் இன்னொரு குடம் கொண்டுவந்தார்.

நான் ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது, ஆட்டோக்காரர் ஒருவர் என் பரம்பரையையே விசாரித்தார். அக்காவிடம் போய், யார் சொல்லி இதைச் செய்தீங்க, மேனேஜரா, எவ்வளவு நாளாக நடக்கிறது என்று கத்தினேன். பைக்குக்குப் பெட்ரோல் போட வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குடத்தைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, என்ன தப்பு செய்தோம் என்கிற குழப்பம்தான் இருந்தது.

"யாரும் சொல்லலம்மா. அன்னிக்கு ஒருநாள் தண்ணி வரலன்னு சோறு துன்னாம குந்தினிருந்தியே. எங்க வூட்டாண்ட லாரி வர வரிக்கும் நானும் கொடத்த வச்சிக்கினு அப்டித்தான் நிப்பேன். தண்ணிக்கோசரம் காத்துக்கினு கெடக்கறது இன்னான்னு எனக்குத் தெரியாதா? நாலு கொடம் ஊத்துனா நீ சுருக்கா வூட்டுக்குப் போவேன்னுதான் ஊத்துனேன்."

அக்கா எனக்காகப் போட்டிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தண்ணீர் வந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும் என்று அவரிடம் சொன்னது நான். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. மூடியைத் திறந்து போட்டுவிட்டு பஜ்ஜி சாப்பிடப் போனதும் நான். விஷயம் என்னவென்று அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். பாய் கிணறு, மாவு, குழந்தை எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர் பட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். முந்தாநாள்கூட அந்த வூட்ல தண்ணி வாங்கிக் குடிச்சேனேம்மா என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து இறைத்தோம். ஊற்றினதையெல்லாம் எடுத்துக் கொட்டினோம், வற்றியது. காத்திருந்தோம். ஊறியதையும் நம்பாமல் மறுபடி எடுத்துக் கொட்டினோம். டீ இல்லை, போன் இல்லை. மத்தியானம் தாண்டி மூன்று மணிக்கு டேப் கீச்சென்றது. குழாயை இறக்கித் தூக்கி வெயிலில் பிடித்தேன். தண்ணீர் மேல் மெல்லிசாக வானவில் மாதிரி ஒன்று நெளிந்தது. முகரவே வேண்டியதில்லை. என் செத்த மூக்குக்கே தெரிந்தது.

லேப் ரிப்போர்ட் வர நாலு நாள் ஆகும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் தெரிந்தே, யோசித்தே உடைத்தேன். பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். அவ்வளவு மெதுவாக நான் என்றைக்கும் நடந்ததில்லை.

மூன்று கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் பாய், இந்த நிமிஷத்திலிருந்து வேண்டாம் என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், அக்காவின் குடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் டீக்குப் போனதைச் சொன்னேன். பாய் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என் மூக்கு சரியாத்தான் கீதும்மா," என்றார். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பச்சைப் பெயிண்ட் போர்டைக் கழற்றினார். அரைத்து வைத்திருந்த மாவு முழுவதையும் சாக்கடையில் கொட்டினார். பாபி உள்வாசலில் அதே இடத்தில் நின்றார். விரலை மடித்து, யாரிடமும் சொல்லாத மாதிரி, மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். சோறு, டீ, குழந்தைக்குப் பால் பவுடர். மூன்றாவது விரலோடு நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பைக் பம்புக்குப் போகிற குழாயில் ஒரு இணைப்பு கசிந்திருந்தது. தோண்டி மாற்றினார்கள், அந்தப் பகுதி மண்ணையும் எடுத்துப் போனார்கள். பாய் கிணற்றிலும் மாதிரி எடுத்தோம், அதிலும் இருந்தது. அதற்கு மூடி போட்டாயிற்று, பங்க் செலவில் பாய் வீட்டுக்குத் தினம் தண்ணீர் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் டாக்டர் சோதனை நடந்தது, இதுவரை யாருக்கும் ஒன்றும் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். என் ரிப்போர்ட்டில், கிணற்றைத் திறந்து போட்டுவிட்டு நான் போனதால் வெளித் தண்ணீர் கலந்தது என்று எழுதினேன், ஊற்றியது யார் என்று எழுதவில்லை. அக்கா தானாகவே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மேனேஜர் அரை நாள் கத்தினார். காலை ஆறு மணிக்கு வந்து நிற்க வேறு ஆள் கிடைக்காது என்பதால் அதோடு விட்டார். எனக்கு ஆபீசில் ஒரு மெமோ. கண்ணாடிக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றவள், அன்று கொண்டுபோன பாட்டில்களில் ஒன்றில் குமிழ் இருக்கிறது என்று அதையும் சேர்த்துச் சொன்னாள்.

நாலாம் நம்பருக்கு இப்போது புதுப் பூட்டு. சாவி என்னிடம். நான் இறைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவேன், அக்கா வேலை முடிந்ததும் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்காருவார். இரண்டு பேரும் தண்ணீருக்காகக் காத்திருப்போம். அவர் பெரும்பாக்கத்துக் கதையெல்லாம் சொல்லுவார், நான் கேட்பேன். என் பொறுமை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்று அம்மாகூட ஒப்புக்கொள்கிறார்.

போன தடவை நல்ல வெயில். சுவருக்கு மேல் பாபியின் தலை தெரிந்தது. அந்தப்பக்கம் எதன் மேலோ ஏறி நின்றிருக்கிறார். அன்று உள்ளே போனதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையில் ஆவி பறக்க இரண்டு டம்ளர் டீ. அக்கா எழுந்து போய்த் தனக்கு ஒன்றை வாங்கிக்கொண்டார். நானும் போய்க் கையை நீட்டினேன். டம்ளர் என் கைக்கு வந்த பிறகும் பாபி பிடியை விடவில்லை.

"கேன் தண்ணிலதாம்மா போட்டேன்," என்றார். "தைரியமா குடி."